உடைசல் கணக்கு

பற்பசை டப்பாவுக்குள் ஈரத்துணி சுற்றி
விரல் நீளக் குச்சி ஒன்று
மான்ட்ரியலிலிருந்து மண்டபம் வந்தது,
கிறிஸ்மஸுக்கு வந்த ஜெசிந்தா அக்காவின் பெட்டியில்
சாக்லேட்டுக்கும் தைலத்துக்கும் நடுவில்.
"பனி தாங்கும் அத்தி" என்றாள்.
"அங்கே மைனஸ் இருபது.
இலை போகும், கொம்பு போகும்,
வேர் போகாது."
"கச்சான் காற்று தாங்குமா?" என்றேன்.
அவளுக்குக் கச்சான் மறந்திருந்தது.

மண்டபத்தில் குளிர் என்றால்
எங்கள் ஐஸ் கம்பெனி மட்டும்தான்.
அங்கே நான் கணக்கு எழுதுகிறேன்:
எந்தப் படகுக்கு எத்தனை பார்,
எத்தனை கடன், எத்தனை உடைசல்.
அமோனியா வாடை சேலையில் ஏறி
ஞாயிறு பூசையிலும்
என் பக்கத்து இடத்தைக் காலியாக வைக்கும்.

பெயின்ட் வாளியில் குச்சி துளிர்த்தது.
ஒரு இலை. இரண்டாவது இலை.
மூன்றாவதின் ஓரம் கருகியது,
பீடி பட்ட காகிதம் மாதிரி.
அடிபம்புத் தண்ணி.
உலையில் ஊற்றினால்
உப்புப் போட வேண்டாத தண்ணி.
குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும்
லாரித் தண்ணியை மரத்துக்கு ஊற்றினால்
லெபோன்ஸ் வாளியோடு என்னையும் வெளியே வைப்பார்.

அப்புறம்தான் உடைந்த பாரைப் பார்த்தேன்.
உப்புத் தொட்டிக்குள் டின்னில் நின்று
நல்ல தண்ணி உறைகிறது.
உடைந்த கட்டியைப் படகுக்காரர்கள் எடுப்பதில்லை.
மேல் உப்பு வழியும்வரை சாய்த்து வைத்து
மிச்சத்தைச் சாக்கில் சுற்றி
சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்,
வழியெல்லாம் சொட்டியபடி.

வேலிக்கு அப்பால் பாக்கியசீலி சிரித்தாள்:
"குளிர்நாட்டு மரத்துக்குக் குளிர் காட்டுறியாக்கும்!
ராத்திரி கம்பளியும் போத்து."
ஆமாம் என்றேன்.
தண்ணி திருடுகிறவள் என்பதைவிடப்
பைத்தியக்காரி என்பது மேல்.

பார் இழுக்கும் துரைச்சாமி மட்டும்
சாக்கைப் பார்ப்பான்,
சாக்கிலிருந்து என்னைப் பார்ப்பான்,
ஒன்றும் கேட்கமாட்டான்.

ஏப்ரல் பதினைந்து. தடைக்காலம்.
படகுகள் கரையில். கம்ப்ரஸர் மௌனம்.
அறுபத்தொரு நாள்
உடைவதற்கு ஒரு கட்டி இல்லை.
அத்தி முதலில் இலையை விட்டது,
பிறகு கொம்பை விட்டது.
அக்கினி வெயிலில் மொட்டையாக நின்றதைப்
படம் எடுத்து அனுப்பினேன்.
"இங்கே டிசம்பரில் இப்படித்தான் நிற்கும்" என்றாள் அக்கா.
"சாய்த்துப் படுக்கவைத்து
மண்ணும் சருகும் போட்டு மூடிவிடுவேன்.
ஏப்ரலில் தோண்டி எடுப்பேன்.
செத்துவிட்டதா என்று நகத்தால் கீறிப் பார்."
கீறினேன்.
ஒரு நூல் பச்சை.

அந்த மாதம் வீட்டிலும் அவ்வளவுதான் இருந்தது.
நிவாரணப் பணம் வரும் வரும் என்றார்கள்.
லெபோன்ஸ் வலை பொத்தினார், தூங்கினார்,
எழுந்து மறுபடி பொத்தினார்.

ஜூன் பத்தாம் தேதி கம்ப்ரஸர் உறுமியது.
சாயங்காலம் என் சைக்கிள் கேரியரில்
சாக்கு சுற்றி, கயிறு கட்டி
தலையணை அளவில் ஒரு கட்டி.
துரைச்சாமி டின் கழுவிக்கொண்டிருந்தான்,
முதுகைக் காட்டியபடி.
பிரித்துப் பார்த்தேன்.
உடைந்த கட்டி இல்லை அது,
உடைத்த கட்டி.
பேரேட்டில் எழுதினேன்: உடைசல், ஒன்று.
காரணம் என்ற கட்டத்தை விட்டுவிட்டேன்.

இன்னொரு தடைக்காலமும் தாண்டி
ஆவணியில் ஒரு காய்.
அத்தி பூத்தாற்போல என்கிறோமே,
அது வெளியே பூப்பதே இல்லையாம்.
காய்க்குள்ளேயே பூத்து
காய்க்குள்ளேயே முடித்துக்கொள்ளுமாம்.
அதற்குள் அணில் முந்திவிட்டது.
மிச்சப் பாதியைப் பிட்டேன்,
உள்ளே சிவப்பாக, நார்நாராய்.
தேன் மாதிரித்தான் இருந்தது.
ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கரித்தது,
பழமா என் விரலா தெரியவில்லை.